டீசல் பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

வாகனத்தை நம்பித் தொழில் செய்யும் வியாபாரிக்குச் சாரதியிடமிருந்து வரக்கூடாத செய்தி ஒன்று உண்டு. “முதலாளி, லொறி ஸ்டார்ட் ஆகுதில்ல. பம்ப் போய்ட்டுதாம்” என்பதே அது. அந்த ஒரு வார்த்தையில் அன்றைய ஓட்டம் நிற்கும். தம்புள்ளையில் ஏற்ற வேண்டிய மரக்கறி அங்கேயே கிடக்கும். கடைக்குக் கொடுத்த வாக்கும் தவறும். அதன் பிறகு பம்ப் கழற்றப்பட்டு பம்ப் ரூமுக்குப் போகும். பில் வரும்போதுதான் முதலாளிக்கு விடயத்தின் பாரம் தெரியும்.

இன்று நம்மவர்களில் பலர் பழைய டீசல் வாகனங்களை வைத்தே தொழில் செய்கின்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் பலர் புது வாகனம் எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, கையிலிருந்த டவுன் ஏஸ், ஹைஏஸ், எல்ப், கென்டர் போன்றவற்றையே பழுது பார்த்து ஓட்டினர். எனவே பழைய டீசல் பம்பைப் பற்றிய அடிப்படை அறிவு மெக்கானிக்குக்கு மட்டும் உரியதல்ல. பணம் கொடுப்பவருக்கும் அது தேவை.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. எஞ்சினுக்கு டீசல் வராததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஆகக் கூடிய செலவு வைப்பது பம்ப். ஆகவே அது கடைசியாகப் பார்க்கப்பட வேண்டியதே தவிர, முதலில் கழற்றப்பட வேண்டியதல்ல.

டீசல் போகும் பாதை

பாதையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டேங்கிலிருந்து குழாய் வழியாக வரும் டீசல் பில்டரைக் கடந்து பம்பை அடைகிறது. பம்ப் அதை உயர்ந்த அழுத்தத்தில், சரியான நேரத்தில், ஒவ்வொரு நொசிலுக்கும் அளந்து அனுப்புகிறது. மிஞ்சிய டீசல் ரிடர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது.

பழைய வாகனங்களில் இரண்டு வகைப் பம்புகள் உண்டு. முதலாவது இன்லைன் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பகுதி வரிசையாக இருக்கும். பழைய கென்டர், லேலண்ட், டாட்டா லொறிகளில் இதைக் காணலாம். இதன் பக்கத்தில் டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய பீட் பம்ப் ஒன்றும், கையால் அமுக்கும் ஹேண்ட் பம்ப்பும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டாவது வீ.ஈ. ரக ரோட்டரி பம்ப். 2சீ, 3எல் போன்ற டொயோட்டா வேன் எஞ்சின்களில் இருப்பது இதுவே. டீசலை இழுக்கும் பகுதி இதன் உள்ளேயே இருக்கிறது. இந்த ரகத்தில் ஹேண்ட் பம்ப் பெரும்பாலும் பில்டரின் தலையில் இருக்கும்.

முக்கியமான வேறுபாடு இன்னொன்றும் உண்டு. இன்லைன் பம்பின் கேம் பகுதிக்கு எஞ்சின் ஒயில் கிடைக்கிறது. ரோட்டரி பம்புக்கோ டீசலே ஒயில். அதன் உள்ளே உரசும் ஒவ்வொரு பாகமும் டீசலின் வழுவழுப்பை நம்பியே சுழல்கிறது. தண்ணீர் கலந்தாலும், மண்ணெண்ணெய் கலந்தாலும் முதலில் அடிபடுவது இந்த ரகமே.

முதலில் புகையைப் பாருங்கள்

எஞ்சினைச் சுழற்றும்போது சைலன்சரிலிருந்து புகை வருகிறதா என்பதை ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போது சந்தேகிக்க வேண்டியவை ஹீட்டர் பிளக், பெட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கம்ப்ரஷன், டைமிங் ஆகியவை. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்குவதால் உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. பெட்டரி பலவீனமாகி எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அந்தச் சூடு உண்டாகாது. பெட்டரியின் குற்றத்துக்குப் பம்ப் தண்டனை பெறுவது இப்படித்தான்.

புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. இனி டேங்கிலிருந்து ஒழுங்காகப் பார்த்து வர வேண்டும்.

டேங்க் முதல் பில்டர் வரை

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று நேரடியாகப் பாருங்கள். பழைய வாகனத்தின் மீற்றரை நம்ப முடியாது. அடுத்து மூடியைத் திறவுங்கள். ‘ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இத்தகைய வாகனம் சில கிலோமீற்றர் ஓடி நிற்கும். சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். மீண்டும் நிற்கும். மூடியைச் சுத்தம் செய்தால் தீரும் குறை இது.

டேங்கின் அடியில் துருவும் சேறும் சேர்ந்து உறிஞ்சு குழாயின் வாயை அடைப்பதுண்டு. பில்டர் அடைத்தாலும் இதே குணம்தான். சமதரையில் ஓடும் லொறி, பாரத்துடன் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். எஞ்சினுக்கு அதிக டீசல் தேவைப்படும் இடத்தில்தான் அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்கிறது. இதற்குப் பம்பைக் குறை சொல்வதற்கு முன் பில்டரை மாற்றிப் பார்ப்பது புத்தி.

பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிதளவு பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். அப்படிக் கண்டால் பில்டரை மாற்றுவது மட்டும் போதாது. டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத திருடன்: எயார்

பம்ப் பழுது என்று தவறாகத் தீர்ப்பளிக்கப்படும் வாகனங்களில் பலவற்றுக்கு உண்மையான நோய் எயார் பிடித்தலே. டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் டீசலை உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, ஹேண்ட் பம்பின் ரப்பர் பழுதானாலோ ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. மாறாக காற்று உள்ளே போகும். அதனால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது.

இதன் அடையாளம், இரவு நிறுத்திய வாகனம் காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்னரே ஸ்டார்ட் ஆவதாகும். இரவில் காற்றுப் புகுந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்குத் திரும்பி விடுகிறது. ஹேண்ட் பம்பை இறுக்கமாகும் வரை அமுக்கியதும் உடனே ஸ்டார்ட் ஆகுமானால் சந்தேகம் உறுதியாகிறது.

பரீட்சை எளிது. பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு முழ நீளம் ஒளி ஊடுருவும் ஹோஸைப் பொருத்தி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழிகள் தொடர்ந்து போனால் எயார் இழுபடுகிறது. நொசில்களுக்கு இடையிலுள்ள சிறிய ரிடர்ன் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். வயதானால் அவை வெடிக்கும். மாற்றுவதற்குச் சொற்பச் செலவே ஆகும்.

போத்தல் பரீட்சை

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனைப் பம்பை விட உயரமான இடத்தில், சூடான சைலன்சர் குழாய்க்கு எட்டாத வகையில் கட்டி வையுங்கள். அதிலிருந்து ஒரு ஹோஸை நேரே பம்பின் நுழைவாயிலுக்குக் கொடுங்கள். இன்லைன் ரகமானால் பீட் பம்பின் நுழைவாயிலுக்குக் கொடுக்க வேண்டும். ரிடர்ன் குழாய் வழமை போல் டேங்குக்கே போகட்டும். எயாரை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

எஞ்சின் ஒழுங்காக ஓடி, அக்சலரேட்டருக்கும் நன்றாக ஏறினால் பம்ப் வேலை செய்கிறது. குறை டேங்க், குழாய், பில்டர் ஆகிய மூன்றுக்குள் இருக்கிறது. சிறிது நேரத்தில் முடியும் இந்தப் பரீட்சையைச் செய்யாமல் பம்பைக் கழற்ற அனுமதிக்காதீர்கள். இது நின்ற இடத்தில் செய்யும் பரீட்சை மாத்திரமே. கேனைக் கட்டிக்கொண்டு வீதியில் ஓடக் கூடாது.

இன்லைன் ரகத்தில் எஞ்சின் அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பீட் பம்பைத் தனியே சோதிக்க வேண்டும். அதன் வெளிக் குழாயைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றினால் டீசல் விட்டுவிட்டுப் பலமாகப் பாய வேண்டும். பாயாவிட்டால் அதன் வால்வுகளில் தூசு சிக்கியிருக்கலாம். பெரிய பம்பில் கை வைக்காமலேயே தீர்க்கக்கூடிய குறை இது.

மின்சாரமும் பெல்ட்டும்

ரோட்டரி பம்பின் பின்புறத்தில் ஒற்றை வயருடன் ஒரு சொலனொயிட் இருக்கும். சாவியைப் போட்டதும் மின்சாரம் பெற்று டீசல் வழியைத் திறப்பதும், சாவியை எடுத்ததும் மூடுவதும் அதுவே. வயர் கழன்றாலோ, பியூஸ் எரிந்தாலோ நல்ல பம்ப்பும் ஒரு துளி டீசல் அனுப்பாது. சாவியைப் போடும்போது ‘டிக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டெஸ்டர் லாம்பை வைத்துப் பாருங்கள். மின்சாரம் வராவிட்டால் குறை வயரிலேயே. மின்சாரம் வந்தும் ஓசை இல்லையென்றால் சொலனொயிட்டை மட்டும் மாற்றினால் போதும். இன்லைன் பம்பில் எஞ்சினை நிறுத்தும் கேபிள் அல்லது ஸ்டொப் மோட்டார் ‘நிறுத்தம்’ நிலையிலேயே சிக்கிக்கொள்வதுண்டு. அந்த நெம்பு சுயமாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

2சீ, 2எல், 3எல் போன்ற எஞ்சின்களில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பம்ப் சுழலாது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென நின்று, பிறகு வழமைக்கு மாறாக இலேசாகச் சுழன்றால் மேலும் சுழற்ற வேண்டாம். வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டிருக்கலாம். பெல்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்த பின்னரே மற்ற வேலை. இந்த டொயோட்டா எஞ்சின்களுக்குப் பெல்ட் மாற்றும் தவணை 1 இலட்சம் கிலோமீற்றர். பழைய வாகனத்தை வாங்கியவருக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுவதே நல்லது.

பில்டர் மாற்றிய அல்லது குழாய் கழற்றிய பிறகு ஆரம்பித்த குறையென்றால் இன்னொன்றையும் பாருங்கள். ரோட்டரி பம்பில் டீசல் வெளியேறும் பக்கத்து போல்ட்டில் ‘அவுட்’ என்று பொறித்திருக்கும். அதனுள் ஊசி முனை போன்ற சிறு துளையே உண்டு. நுழைவாயில் போல்ட்டில் பெரிய துளை இருக்கும். இரண்டும் இடம் மாறிப் பூட்டப்பட்டால் பம்புக்குள் அழுத்தம் உண்டாகாது. இடம் மாற்றிப் பூட்டினால் குறை தீரும்.

நொசில் குழாயைத் தளர்த்தும்போது

இவை அனைத்தும் சரியென்றால், நொசில் பக்கத்தில் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் விட்டுவிட்டு டீசல் கசிய வேண்டும். ஒன்றிலுமே வராவிட்டால் பம்ப் மீதான சந்தேகம் நியாயமானது. எல்லாவற்றிலும் ஒழுங்காக வந்தால் நொசில்களைச் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. நொசிலிலிருந்து டீசல் பீறிடுவது 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில். அது தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது கராஜ்களில் சாதாரணமாகக் காணும் பழக்கம். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டால் காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தோன்றினாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலை, சில வேளை கையையே இழக்க நேரிடலாம்.

உண்மையிலேயே பம்ப் பழுதென்றால்

பம்ப் தேய்ந்ததற்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்டார்ட் ஆகும் ரோட்டரி பம்ப் வாகனம், ஓடிச் சூடானபின் நிறுத்தினால் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுப்பது அவற்றுள் முதன்மையானது. சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த பாகங்களின் இடைவெளியால் நழுவிவிடுகிறது. ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுக் குளிரவிட்ட பின் ஸ்டார்ட் ஆனால் உள்ளே தேய்மானம் இருப்பது ஏறத்தாழ நிச்சயம். குளிர்ந்த தண்ணீரை வாளியால் ஊற்ற வேண்டாம். திடீரெனச் சுருங்கிப் பம்ப் இறுகிவிடக்கூடும்.

பம்பின் முன்புறத்திலிருந்து டீசல் சொட்டுவது சீல் பழுதைக் காட்டும். இன்லைன் ரகத்தில் எஞ்சின் ஒயிலின் அளவு தானாகக் கூடி, டீசல் வாடை அடித்தால் உள்ளே கசிகிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓடினால் எஞ்சினே போய்விடும். பம்பிலிருந்து வடித்த டீசலில் வெள்ளித்தூள் போல் மினுமினுப்புக் கண்டால் உலோகம் அரைபடுகிறது. அவ்வாறான நிலையில் பம்பை மட்டும் மாற்றுவது பயனற்றது. டேங்க், குழாய், பில்டர், நொசில் யாவும் சுத்தமாக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் மாற்றிய பம்ப்பும் அதே வழியில் போகும்.

பம்ப் ரூமில் பேச வேண்டியவை

பம்பைக் கொடுக்குமுன் அதன் தகட்டிலுள்ள இலக்கத்தைக் குறித்து, படமும் எடுத்து வையுங்கள். பிரிப்பதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அளவு எவ்வளவு குறைகிறது என்பதை அங்கேயே பார்க்கலாம். மாற்ற வேண்டிய பாகங்களின் விபரத்தையும் விலையையும் எழுத்தில் பெற்ற பின்னரே வேலைக்குச் சம்மதியுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திறமையும் நேர்மையும் உள்ள தொழிலாளி இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். சீல் கிட் மட்டும் போதுமான இடத்தில் முழு ஓவர்ஹோல் பில் வருவதைத் தடுக்க இதைவிட வேறு வழியில்லை.

பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் வாங்குவதாக இருந்தால் எஞ்சின் இலக்கம் ஒத்துப் போவது மட்டும் போதாது. ஒரே எஞ்சினுக்கும் வெவ்வேறு பம்புகள் வருவதுண்டு. பம்ப் இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் பெஞ்சில் சோதிக்கலாமா, பழுதென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நின்ற நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செலவு போக நாளொன்றுக்கு 15,000 ரூபா மிஞ்சும் லொறி என்று வைத்துக்கொள்வோம். அது 6 நாட்கள் கராஜில் நின்றால் 90,000 ரூபா போய்விட்டது. பில்லில் அது எழுதப்படுவதில்லை. ஆனால் பொக்கெட்டிலிருந்து போவது அதுவும்தான். விலை குறைந்த கராஜா, விரைவாக முடிக்கும் கராஜா என்பதைத் தீர்மானிக்கும்போது இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வருமுன் காப்பது

பம்பின் ஆயுளைத் தீர்மானிப்பது டீசலின் சுத்தமே. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கிடைத்த டீசலையெல்லாம் கேன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்தனர். துருவும் தண்ணீரும் டேங்குக்குள் போக அது வசதியான வழி. இன்றும் களஞ்சியத்தில் டீசல் வைத்திருப்பவர்கள் அடியிலுள்ளதை ஊற்றாமல், மெல்லிய வடியால் வடித்தே பாவிக்க வேண்டும். பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஷெட்டில் டீசல் அடிப்பதைத் தவிருங்கள். அடியிலுள்ள கசடு கலங்கும் நேரம் அது.

மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதை டீசலுடன் கலந்து ஓடியவர்கள் உண்டு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டதுடன் அந்த ஆசை பெரிதும் அடங்கியது. ஆயினும் அந்தப் பழக்கத்தில் ஓடிய வாகனங்கள் இப்போதும் விற்பனைக்கு வரக்கூடும். பழைய வாகனம் வாங்கும்போது எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்து காட்டும் விற்பனையாளரிடம் நீங்களே இதைக் கேட்க வேண்டும்.

சாரதிக்கு மூன்று வேலைகளைப் பொறுப்புக் கொடுங்கள். வாரம் ஒரு முறை பில்டரின் அடியைத் திறந்து தண்ணீர் வடிப்பது. டேங்க் வெறுமையாகும் வரை ஓடாதிருப்பது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல் ஓய்வு கொடுப்பது. பில்டரை 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றி, திகதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

புகை, டேங்க், பில்டர், எயார், போத்தல் பரீட்சை, மின்சாரம், பெல்ட், நொசில் குழாய். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வாகனத்திலேயே வைத்திருங்கள். அடுத்த முறை “பம்ப் போய்ட்டுது” என்று எவரேனும் சொன்னால், இவற்றுள் எதையெதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் ஒழுங்காக வந்தால் பம்பைக் கழற்றலாம்.